உப்புப் பிடித்தவள்

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறிவிட்டோமே என்று மாரிக்ரூஸ் ஒகாம்போ ஒரு நாள்கூட நிம்மதியாகச் சந்தோஷப்படவில்லை. தெரு விடவில்லை. முடிவு வந்த அன்றே ரொட்டிக்கடைக்காரி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றித் தன் கால் ஆணியைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மலச்சிக்கலின் வரலாற்றை முதலிலிருந்து சொன்னார். ஞானத்தாய் சபேலா துணி எடுத்து, வெள்ளைக் கோட்டே தைத்து, நெஞ்சில் நீலநூலால் ‘டாக்டர் மாரிக்ரூஸ்’ என்று பூவேலையும் போட்டுவிட்டாள். பெண்ணுக்கு வயது பதினேழு. கல்லூரியில் சேருகிறாளா இல்லையா என்று அவள் இன்னும் சொல்லக்கூட இல்லை. திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஆசை இருந்தது. இல்லாமல் என்ன? ஆனால் ஆசையைவிடப் பயம் ஒரு சாண் உயரமாக இருந்தது. தன் கையில் ஓர் உயிர் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? இதை யாரிடம் கேட்பது? தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். ஞானத்தாயிடம் கேட்டால் அழுவாள். அதனால்தான் தெபலூக்கா பொது மருத்துவமனை சனிக்கிழமை நடத்திய ‘அழைத்தல் நாளு’க்குப் போனாள். அழைத்தல் என்பது சாமியாராகப் போகிறவர்களுக்குக் கடவுளிடமிருந்து வருவது. இந்த ஊரில் டாக்டராகப் போகிறவர்களுக்கும் அது வந்தாக வேண்டும். வந்ததா இல்லையா என்பதை மருத்துவமனையின் கல்விப் பிரிவுத் தலைவர் டாக்டர் பெலிசாரியோ உர்கிதி ஒருவர்தான் சொல்ல முடியும்.

ஞானத்தாய் கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டாள். “நீ முடிச்சிட்டு வா. வெளியில வந்ததும் போட்டுப் பார்த்துடலாம்.”

மாடி அரங்கில் ஆறு மாணவர்கள். மேடையில் ஒரு மேசை. மேசை பக்கத்தில் பளபளவென்று ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், மேலே ஒரு புத்தம்புது நெபுலைசர், மருந்துக் குப்பிகள். எல்லாவற்றையும் சுற்றி அகலமான நீல ரிப்பன். திங்கட்கிழமை மேயர் வந்து வெட்டித் திறந்துவைக்கப் போகிறாராம். அதுவரை கை படக்கூடாது என்று அட்டை தொங்கியது.

டாக்டர் உர்கிதி எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள்.

“மருத்துவம் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாணவன் என்னென்ன யோசிக்கணும்? முதல்ல, யோசிக்கவே கூடாது. யோசிக்கிறவன் வக்கீலுக்குப் படிக்கப் போகலாம். ரெண்டாவது, தூக்கம். தூக்கங்கிறது வெறும் பழக்கம், பிள்ளைங்களா. பயிற்சிக் காலத்துல மூணு வருஷம் நான் தூங்கினதே இல்ல. அந்த மூணு வருஷத்துல யாருக்கு என்ன வைத்தியம் பண்ணினேன்னு இன்னைக்குக் கேட்டா ஒண்ணுமே நினைவில்ல. இது வரைக்கும் எந்த நோயாளியும் வந்து குறை சொன்னதில்ல. வர்ற நிலைமையில இருந்தாத்தானே! மூணாவது, குடும்பம். எனக்கு நாலு பிள்ளைங்க. என் மனைவி அப்படித்தான் சொல்றா.”

மாணவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இந்த ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் இல்லைன்னு பத்திரிகைக்காரன் எழுதுறான். பச்சைப் பொய்! இதோ நிக்குது பாருங்க, ரிப்பனோட. நம்மகிட்ட இல்லாதது ஆக்சிஜன் இல்ல, அழைத்தல்.”

மாரிக்ரூஸ் கையைத் தூக்கினாள். கேட்காமல் இருந்திருக்கலாம். “டாக்டர், பயமா இருந்தா என்ன செய்யறது?”

“பயமா?” இந்தச் சொல்லை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்பதுபோல் அவர் நெற்றியைச் சுருக்கினார். “இத்தனை வருஷத்துல நான் பயந்ததே கிடையாது மகளே. கீழ அவசரப் பிரிவுக்குக் கடைசியா எப்போ இறங்கினேன்னு எனக்கே மறந்துபோச்சு. ஒரு நாளாவது பயந்திருக்கேனா? அதுதான் அழைத்தல்.”

இடைவேளையில் மற்ற ஐந்து பேரும் கழிவறைக்குப் போனார்கள். கழிவறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருமுனையில் தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் வண்டி தெரியும். சற்று நேரத்தில் அந்த வண்டியைச் சுற்றி ஐந்து பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மருத்துவ உலகம் அவர்களைப் பார்க்கவில்லை; புத்திசாலிப் பிள்ளைகள். மாரிக்ரூஸுக்கும் ஓட ஆசைதான். கேட்டில் கோட்டோடு ஞானத்தாய் நிற்கிறாளே, எப்படி ஓடுவது?

ஆக, அவசரப் பிரிவைப் பார்க்க இறங்கியவள் அவள் ஒருத்தி மட்டும்.

அங்கே ஈ காக்கை இல்லை. கட்டில்கள் எல்லாம் காலி. சுவரோரம் ஒரே ஒரு பெண்மணி, மடியில் முட்டைக் கூடையோடு நாற்காலியில் உட்கார்ந்து, இளைப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. மேற்படிப்பு படிக்கும் டாக்டர் பிரிசிலா நின்றபடியே ரொட்டி தின்றாள், மெல்லும் சத்தம்கூடக் கேட்காமல். பயிற்சி டாக்டர் எலியாசார் நுனிக்காலில் நடந்தான். தலைமை நர்ஸ் தோமாசா டெலிபோன் மேல் தலையணை வைத்து அமுக்கியிருந்தாள். எல்லோர் முகத்திலும், தூங்கும் நாயைத் தாண்டிப் போகிறவர்களின் முகம்.

மாரிக்ரூஸ் மரியாதை தெரிந்த பெண். எங்காவது போனால் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள். சொன்னாள்.

“நான் ரொம்ப பயந்துக்கிட்டே வந்தேன் டாக்டர். பரவால்ல, இங்க அமைதியாத்தான் இருக்கு.”

பிரிசிலாவின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. தோமாசா சிலுவை போட்டுக்கொண்டாள். மரத்தைத் தட்டினால் தோஷம் விலகுமாம்; எலியாசார் மேசையில் மரம் எங்கே இருக்கிறது என்று தேடி விரலால் தட்டினான். இரும்பு மேசை, பாவம்.

“என்னடி சொன்ன?” என்றாள் பிரிசிலா.

“அமைதியா…”

“திருப்பிச் சொல்றா பாரு! அடிப்பாவி, திருப்பி வேற சொல்றா! அதைச் சொன்னா கூட்டம் வந்து குவியும்டி!” தோமாசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

தூரத்தில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது ஒரு ஞானஸ்நான விருந்து. குழந்தை தவிர அத்தனை பேரும் வெயிலில் வைத்த மயோனேஸ் கோழி சாலட் சாப்பிட்டிருந்தார்கள். பாதிரியாரும் இரண்டு தடவை வாங்கியிருந்தார். அவர்கள் குனிந்து நிமிர்வதற்குள், வழுக்குமரத்தின் உச்சியில் கட்டியிருந்த பன்றித் தொடையை எட்டிப் பிடித்தவனும், அவன் யார் தலைமேல் விழுந்தானோ அவர்களும் வந்தார்கள். பன்றித் தொடை கூடவே வந்தது. அப்புறம் வாணவெடி கட்டிய மூங்கில் காளையைத் தோளில் சுமந்து ஆடியவன், முதுகில் புகையோடு. கட்டில் தீர்ந்து, ஸ்ட்ரெச்சர் தீர்ந்து, நாற்காலியும் தீர்ந்தது.

அன்று தெபலூக்காவில் புனித பாந்தலியோன் திருவிழா. ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில்தான் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் அன்று அவசரப் பிரிவு இப்படித்தான் நிரம்பி வழிகிறது. அன்றைக்கு இன்னும் நாலு டாக்டரைப் போடலாமே என்று யாருக்கும் தோன்றியதில்லை. மாறாக, இந்த வருஷம் உப்புப் பிடித்த ஆள் யார் என்றுதான் தேடுவார்கள். ராசி கெட்டவர்களை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வது. போன வருஷம் எலியாசார். அதனால் மாரிக்ரூஸைப் பார்க்கையில் அவன் கண்ணில் இரக்கமும் நன்றியும் சேர்ந்தே இருந்தன.

“தங்கச்சி, மனசுல வெச்சுக்காத,” என்றான் காதோடு. “எனக்கு ஒரு வருஷமா யாரும் கை குடுக்கல. இன்னைக்குத்தான் ஒருத்தர் குட் மார்னிங் சொன்னார்.”

பிரிசிலா இரத்தம் பட்ட கையுறையோடு வந்து நின்றாள். “தண்டனை டூட்டி. கூட்டம் குறையற வரைக்கும் நீ இங்கேருந்து நகரக் கூடாது.”

“டாக்டர், நான் இன்னும் காலேஜ்லயே சேரலையே!”

“அதனாலதான் லேசான தண்டனை.”

மாரிக்ரூஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தைதானே சொன்னேன், அதற்கு இத்தனை பேர் எலும்பு முறியுமா என்று எண்ணினாள். அடுத்த நிமிஷமே, ஒருவேளை முறியுமோ என்றும் எண்ணினாள். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் படித்தவர்கள். படித்த இத்தனை பேர் சேர்ந்து தன்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றால் ஏதாவது இருக்கும் என்று அவளுக்கே தன்மேல் பயம் வந்துவிட்டது.

விஷயம் மாடிக்குப் போயிற்று. டாக்டர் உர்கிதி அவசரக் கூட்டம் போட்டார். கீழே தையல் போட ஆளில்லாதபோது பிரிசிலாவும் தோமாசாவும் எலியாசாரும் மேலே போய் உட்கார வேண்டியதாயிற்று. மாரிக்ரூஸை நடுவில் நிறுத்தினார்கள்.

“நாம அறிவியல் படிச்சவங்க,” என்று ஆரம்பித்தார் உர்கிதி. “ராசி, உப்பு, இதெல்லாம் நான் நம்புறதில்ல. நான் கேட்கிறது ஒரே ஒரு கேள்வி. இவ பேசறதுக்கு முன்னாடி நோயாளிங்க ஏன் வரல?”

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அறிவியல் அப்படிப்பட்டது.

“டாக்டர், திருவிழா…” என்று எலியாசார் வாயைத் திறந்தான்.

“திருவிழா வருஷா வருஷம் வருது தம்பி. இந்தப் பொண்ணு இந்த வருஷம்தானே வந்திருக்கா?” உர்கிதி கைகளைப் பையிலிருந்து எடுக்காமலே தோளைக் குலுக்கிப் பேச்சை முடித்தார். “நம்பிக்கை வேற, முன்னெச்சரிக்கை வேற. தோமாசா, முன்னெச்சரிக்கை எடுங்க.”

தோமாசா கீழே ஓடி, இளைப்புக்காரப் பெண்மணியின் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வந்தாள். டாக்டருக்குக் கொடுப்பதற்கென்று அந்த அம்மாள் கொண்டுவந்தது. டாக்டர் யாரும் அவளை இன்னும் பார்க்கவில்லை, முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாரிக்ரூஸின் தலையிலிருந்து கால்வரை முட்டையால் தடவி, மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையில் உடைத்து ஊற்றி, எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உர்கிதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“நுரை கட்டுது,” என்றார் கவலையோடு. “ரெண்டாவது அபிப்பிராயம் வேணும்.”

இரண்டாவது முட்டையும் உடைந்தது. அதுவும் முட்டை மாதிரியே இருந்தது. அதை மோசமான அறிகுறி என்று முடிவுசெய்தார்கள். கடைசியில், கூட்டம் குறையும்வரை இந்தப் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. தோமாசா அவள் உதட்டின் மேல் ஒரு பட்டை வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டினாள். ஒட்டும்போது, “வலிக்குதாடி கண்ணு?” என்று கேட்டாள். பதில் சொல்ல வழியில்லை.

முட்டைக்கார அம்மாளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து அவளை நிறுத்திவைத்தார்கள். அந்த அம்மாள் பெயர் ஓதிலியா. மருத்துவமனைக்கு இருந்த ஒரே பழைய நெபுலைசர் காளை தூக்கியவனின் மூக்கில் இருந்தது, புகை குடித்தவனாயிற்றே. ஓதிலியாவின் முறை அதற்கப்புறம். நடுவில் வந்த யாரோ ஒருவர் முறையும் நடுவில் வந்தது.

“உன்னையும்… வரிசையில… நிக்க வெச்சுட்டாங்களா… டாக்டரம்மா?” என்றாள் ஓதிலியா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசில். “வாய்ல என்ன… பிளாஸ்திரி? நீ… பேசிட்டியா?”

மாரிக்ரூஸ் தலையாட்டினாள்.

“என் வீட்டுக்காரருக்கு… ஒண்ணு… வாங்கிக் குடு.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி, தோள் ரெண்டும் காதுவரை ஏறி இறங்கின. மாரிக்ரூஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். எதிரே ஒருவன் கத்தினான், ஒருவன் வாந்தி எடுத்தான், பன்றித் தொடைக்காக இருவர் சண்டை போட்டார்கள், அதற்கெல்லாம் அடியில் இந்த விசில் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அது நின்றது.

மாரிக்ரூஸ் திரும்பினாள். ஓதிலியா நேராக உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு ஏறுவதாகத் தெரியவில்லை. வாய் திறந்து மூடியது, சத்தம் இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது. கூடை மடியிலிருந்து சரிந்து, முட்டைகள் தரையில் உடைந்தன. அவற்றைப் பார்க்கக்கூட அவள் கண் திரும்பவில்லை.

மாரிக்ரூஸ் ஓடிப்போய் எலியாசாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வேணாம் தங்கச்சி, பேசிடாத, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்,” என்றான் அவன், ஊசியில் கண்ணை வைத்தபடி. பிரிசிலாவிடம் ஓடி நாற்காலியைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள், விசில் ஊதுவதுபோல் விரலைக் காட்டி இல்லை என்று கையை விரித்தாள்.

“விசில் நின்னுடுச்சா? நல்லதாப் போச்சு. தேவலையாயிருக்கும்,” என்றாள் பிரிசிலா, நிமிராமலே. மாடியிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் நிமிரவில்லை.

பேசினால் என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு ஆம்புலன்ஸ் வருமோ? இன்னொருவன் மரத்திலிருந்து விழுவானோ? அந்த நீல உதட்டை இன்னொரு முறை பார்த்தாள். பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்தாள், தோலும் கொஞ்சம் வந்தது.

“அமைதியாயிட்டாங்க! அந்தம்மா அமைதியாயிட்டாங்க! அமைதி! அமைதி! யாராவது பாருங்களேன்!”

கத்தியவன் நிறுத்தினான். வாந்தி எடுத்தவனும் நிமிர்ந்தான். தோமாசா சாபம் கொடுக்கத்தான் வாயைத் திறந்தாள். பிரிசிலாவும் அறையத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு நாற்காலியைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் வேறாகிவிட்டது.

“கடவுளே. ஆக்சிஜன்! தோமாசா, ஆக்சிஜன்!”

“எங்க இருக்கு? காலி சிலிண்டர்தான் இருக்கு!”

மாரிக்ரூஸ் அதற்குள் படியேறிக்கொண்டிருந்தாள். எலியாசார் பின்னால் ஓடிவந்தான். அரங்கில் ரிப்பனைப் பிரிக்க முடிச்சு கிடைக்கவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். அவன் சிலிண்டரைத் தோளில் சாய்த்தான். அவள் நெபுலைசரையும் மருந்துக் குப்பிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். ‘கை படக்கூடாது’ அட்டை அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது.

கீழே பிரிசிலா ஓதிலியாவைத் தரையில் கிடத்தி, முகத்தில் மூச்சுப் பையை வைத்து அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். சிலிண்டரைச் சேர்த்தார்கள், தொடையில் ஊசி போட்டார்கள், புகை வைத்தார்கள். “வா, வா, வாம்மா, வா,” என்றாள் பிரிசிலா, கெஞ்சுகிற குரலில். மாரிக்ரூஸ் சுவரோடு ஒட்டி நின்று, தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டாள்.

முதலில் ஒரு மெல்லிய கீச்சு. அப்புறம் இன்னொன்று. பிறகு பழைய விசில், முழு விசில், நெஞ்சு நிறைய. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாரிக்ரூஸ் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் டாக்டர் உர்கிதி பல வருஷங்களுக்குப் பிறகு அவசரப் பிரிவுக்கு இறங்கி வந்தார். இரத்தத்தைத் தாண்டி, முட்டையைத் தாண்டி, வாந்தியைத் தாண்டி, சிலிண்டருக்கு முன்னால் நின்றார்.

“ரிப்பனை யார் வெட்டினது?”

“கடிச்சேன் டாக்டர்,” என்றாள் மாரிக்ரூஸ்.

“மேயர் வெட்ட வேண்டிய ரிப்பன், மகளே.” அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு தெளிந்தார். “சரி. இந்தம்மாவைச் சுத்தி மறுபடி ரிப்பன் கட்டுங்க. திங்கட்கிழமை மேயர் இங்கேயே வந்து திறந்துவைக்கட்டும். அதுவரைக்கும் இவங்க ரொம்பத் தேறிடாமப் பார்த்துக்கங்க.”

பிறகு மாரிக்ரூஸின் தோளில் கை வைக்கப் போனவர், உப்பு நினைவு வந்து கையைத் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“நீ வந்து பக்கத்துல நின்னப்புறம்தான் இந்தம்மாவுக்கு மூச்சு நின்னிருக்கு. அது குறிச்சு வெச்சாச்சு. ஆனா உண்மையைச் சொல்லணும். காலையிலேருந்து சாப்பிடல. உட்காரல. செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கினே, ஏன்னு கேக்கல. ஓடியும் போகல. ஒரு டாக்டருக்கு இதுக்கு மேல என்ன வேணும்? உனக்கு அழைத்தல் இருக்கு. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு.”

சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்.

கூட்டம் குறைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வெளியே போகும் படிக்கட்டில் பிரிசிலா தனியாக நின்றுகொண்டிருந்தாள், கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். மாரிக்ரூஸ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

“டாக்டர், உங்களுக்குப் பயமா இருந்துச்சா?”

பிரிசிலா ஒரு கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். விரல்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டென்று மறுபடி உள்ளே விட்டுக்கொண்டாள்.

“ஒவ்வொரு தடவையும்.”

“அது எப்பப் போகும்?”

“சிலருக்குப் போயிடும்டி. போயிடுச்சுன்னா அவங்களைக் கல்விப் பிரிவுத் தலைவராப் போட்டுடுவாங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “உன் வாயில பிளாஸ்திரி ஒட்டினப்போ நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மன்னிச்சுடு.”

வாசலில் ஞானத்தாய் கால் கடுக்க நின்றிருந்தாள். “எப்படியிருந்துச்சுடி? என்ன உதடெல்லாம் தோல் உரிஞ்சிருக்கு? சேர்றேன்னு சொல்லிட்டியா?” கேள்வி கேள்வியாகக் கேட்டாள். திருவிழா முடிந்து திரும்புகிற கூட்டத்தோடு பஸ் ஏறினார்கள்.

பஸ்ஸில் ஒருவர் இருமினார்; மாரிக்ரூஸ் திரும்பிப் பார்த்தாள். ஒரு குழந்தை அழுது, சட்டென்று நிறுத்தியது, எழுந்தே நின்றுவிட்டாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. திரும்ப உட்கார்ந்தபோது, நின்று நின்று அலுத்த ஞானத்தாய் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். கண் மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது. இன்ஜின் இரைச்சலில் மூச்சு கேட்கவில்லை.

“மத்ரீனா! மத்ரீனா!” ஞானத்தாயைக் கூப்பிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஞானத்தாய் அலறி எழுந்தாள். “என்னடி? என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. நீங்க… அமைதியா இருந்தீங்க.”

“தூங்கினேன்டி பாவி! உயிரே போயிடுச்சு எனக்கு!”

“எனக்கும்தான்.”

ஞானத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மாரிக்ரூஸ் கையை நீட்டினாள்.

“அந்தக் கோட்டைக் குடுங்க.”

போட்டுக்கொண்டாள். தோள் தொளதொளவென்று இருந்தது. “வளர்ந்தா சரியாயிடும். பை மட்டும் ஆழமா வெச்சிருக்கேன், பார்த்தியா?” என்றாள் ஞானத்தாய் பெருமையோடு. மாரிக்ரூஸின் கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவருடைய மூச்சையும் கேட்டபடி வீடுவரை வந்தாள்.